பாறையில் கொட்டிய உப்பு

ஃபாரஸ்ட் ஸ்டேஷனில் இப்போது பொறுப்பில் இருக்கும் தம்பி போன மாதம் போன் செய்தார். "புதுசா பிள்ளைங்க வர்றாங்க சார். நம்ம பார்க்கோட சரித்திரம், காடு, மிருகம், ஜனங்க எல்லாத்தைப் பத்தியும் நீங்க ஒரு பத்துப் பக்கம் எழுதிக் குடுத்தா பிரயோஜனமா இருக்கும்" என்றார். நான் ஆயுசில் எழுதியதெல்லாம் ரிப்போர்ட்டும் லீவு லெட்டரும்தான் என்று சொல்லிப் பார்த்தேன். "அப்ப ஒரு பெரிய ரிப்போர்ட்டா எழுதிருங்க சார்" என்றார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

ஆக, கண்ணுகளா, உட்காருங்கள். சிகரம் எத்தனை மீட்டர், புல்லுக்கு லத்தீனில் என்ன பேர், குறிஞ்சி எப்போது பூக்கும் என்பதெல்லாம் போனைத் தட்டினால் வந்துவிடும். அதை நான் எழுதி உங்கள் நேரத்தைத் தின்ன மாட்டேன். போனில் வராத சரித்திரம் ஒன்று இருக்கிறது. அதில் தப்புச் செய்தவன் நான். இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாமல், பென்ஷனும் வாங்கிக்கொண்டு, நல்லவன் மாதிரி நடமாடிக்கொண்டிருந்தேன்.

எனக்குச் சொந்த ஊர் முதலமடை. மாந்தோப்பு, அதன் ஓரத்தில் ஒரு கொட்டகை நிறைய ஆடு. மலைக்கு அந்தப் பக்கம் கொட்டுகிற மழை எங்கள் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். வெயிலில் காய்ந்த காட்டில் ஆடுகள் திசைக்கொன்றாகப் போயிருக்கும். சாயங்காலம் எங்கள் அய்யன் தோப்பு மூலையில் கிடக்கும் ஒரு தட்டைக் கல்லில் ஒரு பிடி கல்லுப்பைத் தூவிவிட்டு நாக்கைச் சொடுக்குவார். எங்கே இருந்தாலும் அத்தனையும் ஓடி வரும். கல்லைச் சுற்றி நின்று நக்குகிற சத்தம் வீடு வரைக்கும் கேட்கும். ஏழு வயதிலேயே அந்த வேலை என் கைக்கு வந்துவிட்டது. ஆடு என்றால் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற நினைப்பும் அப்போதே வந்துவிட்டது.

ஃபாரஸ்ட் கார்டாகச் சேர்ந்து, பாலக்காட்டுப் பக்கத்துக் காடுகளில் சுற்றி, ஃபாரஸ்டர் ஆனதும் இடுக்கி மலைமேல் இருக்கும் நம் பார்க்குக்கு மாற்றினார்கள். முதலமடையிலிருந்து பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் என்று மூன்று பஸ் மாறி, அப்புறம் ஜீப்பில் ஏறிப் போக வேண்டும். முதல் நாள் மேலே போய் நின்றபோது, கண்ணுக்கு எட்டும் தூரம் வரை வெறும் புல். மடிப்பு மடிப்பாக மலை. மடிப்புக்குள் மட்டும் அங்கங்கே இருட்டாகக் கொஞ்சம் சோலை. தோட்டக்காரன் புத்தி எங்கே போகும்? "இத்தன எடம் சும்மா கெடக்குதுங்களே" என்று சொல்லிவிட்டேன்.

என்னோடு வந்த வாச்சர் சிரிக்கவில்லை. "எடம் சும்மா கெடக்கல சார். உங்க கண்ணுதான் சும்மா கெடக்கு" என்றார்.

அவர்தான் இந்தக் கதைக்கு உரிய ஆள். இந்த மலையில் வாழும் முதுவர் இனத்துக்காரர். வயது என் வயதுதான், இரண்டொரு மாதம் முன்னே பின்னே இருக்கலாம். தினக்கூலி வாச்சர். தலையில் துணிக்கட்டு, தோளில் ஒரு கறுப்புக் கம்பளி, பனி விறைக்கிற காலையிலும் வெறுங்கால். அவர் பேரை எழுத வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். அதனால் வாச்சர் என்றே எழுதுகிறேன். எனக்கு இந்த மலையைக் காட்டியவர் அவர். என் கொங்குப் பேச்சைக் கேட்டு முதல் மாதம் முழுக்க வாய்க்குள்ளேயே சிரித்துக்கொண்டிருந்தார். "எல்லாத்துக்கும் 'ங்க' போடுறீங்களே சார், அட்டைப்பூச்சிக்கும் போடுவீங்களா?" என்று கேட்டவர்.

நம் பார்க்கின் சரித்திரத்தை அவர் சொல்லித்தான் நான் கேட்டேன். அவர் முன்னோர்கள் மதுரையிலிருந்து பிள்ளைகளையும் சாமியையும் முதுகில் கட்டிக்கொண்டு மலையேறி வந்தவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லி வருவது. பின்னால் தேயிலைக்கு வந்த துரைமார், சுற்றியிருந்த மலையையெல்லாம் தோட்டமாக்கிவிட்டு, இந்த உச்சியை மட்டும் வேட்டைக்கென்று விட்டுவைத்தார்கள். வரையாடு எந்தப் பாறையில் நிற்கும் என்று காட்டித் துப்பாக்கிக்காரனைக் கூட்டிப் போனது முதுவர்கள். சட்டம் மாறி, சுடுகிற இடம் காக்கிற இடம் ஆனபோது, ஆடு எங்கே நிற்கும் என்று தெரிந்தவர்களும் அவர்களாகத்தான் இருந்தார்கள். "எங்க தாத்தா காட்டிக் குடுத்ததுக்கு நான் காவல் இருந்து கழிக்கிறேன் சார்" என்பார் வாச்சர். வேடிக்கையாகச் சொல்கிறாரா வருத்தமாகச் சொல்கிறாரா என்று எனக்குப் பிடிபடாது.

ஒரு நாள் நான் கெட்டிக்காரத்தனமாக ஒரு வேலை செய்தேன். மலை முகட்டைச் சுற்றிப் போய், மேலேயிருந்து இறங்கி, ஒரு வரையாட்டுக் கூட்டத்துக்குக் கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றேன். அவை என்னைப் பார்க்கவே இல்லை. பெருமை தாங்கவில்லை எனக்கு. கீழேயிருந்து பார்த்துக்கொண்டிருந்த வாச்சர் அன்றைக்கு நிஜமாகவே கோபப்பட்டார்.

"மேல இருந்து வர்றது சிறுத்தை செய்யிற வேலை சார். இதுங்க கண்ணு எப்பவும் கீழதான் இருக்கும். நாம கீழ இருந்துதான் போகணும். அது நம்மளப் பாக்கட்டும். பாத்துட்டு, இருக்கலாமா போலாமான்னு அதுவே முடிவு பண்ணட்டும்."

இந்த ஒரு பேச்சை மட்டும் நீங்கள் எடுத்துக்கொண்டு மற்றதையெல்லாம் மறந்தாலும் எனக்குச் சம்மதம். நான் அன்றைக்குத் தலையை ஆட்டினேன். காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை.

அந்த வருஷம் தினக்கூலி வாச்சர்களில் சிலரை நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்று லிஸ்ட் தயாரானது. எங்கள் ஸ்டேஷனிலிருந்து போன முதல் பேர் அவருடையது. எழுதி அனுப்பியவன் நான்தான். அவரை மறையூருக்குக் கூட்டிப் போய்க் காக்கித் துணி எடுத்து, டெய்லரிடம் அளவு கொடுக்க வைத்தேன். ஆர்டர் வந்ததும் தைக்கச் சொல்லிக்கொள்ளலாம், துணி கையில் இருக்கட்டும் என்றேன். டெய்லர் டேப்பை நெஞ்சில் சுற்றியபோது மனிதர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். "மூச்ச விடுங்க, இல்லீனா சட்ட பெருசாப் போயிரும்" என்று கேலி செய்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னார்: "சம்பளத்துக்காக மட்டும் இல்ல சார். தினக்கூலி சொன்னா யாரு கேக்குறா? காக்கி போட்டவன் 'வேணாம்'னா நாலு பேரு நிப்பாங்க."

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி கடைசி. வரையாடுகள் குட்டி போடுகிற காலம் ஆரம்பித்துவிட்டது. இன்னும் சில நாளில் பார்க்கைப் பார்வையாளர்களுக்கு மூடிவிடுவோம். அந்தச் சமயம் பார்த்து ரேஞ்சர் என்னைக் கூப்பிட்டார். பாதி மலையாளமும் பாதித் தமிழுமாகத்தான் பேசுவார். "எடோ, வியாழக்கிழமை பெரிய கெஸ்ட் வர்றாரு. கூட பார்யா உண்டு. அவங்களுக்கு முட்டுவலி, நடக்க பற்றில்லா. ஆடு வழிக்குப் பக்கத்துல வரணும். மனசிலாயோ?"

ஆடு அந்த வாரம் முழுக்க உச்சிப் பாறையை விட்டு இறங்கவில்லை. சினையான தாய்கள் செங்குத்துப் பாறையை விட்டு நகராது. செந்நாய் துரத்தினால் இரண்டே தாவலில் பாறைக்குப் போய்விட வேண்டும் என்று அவற்றுக்குத் தெரியும். "இந்த நேரத்துல வராதுங்க சார்" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் அவர் முகம் சுளித்திருப்பார், அவ்வளவுதான். நான் சொன்னது, "அதெல்லாம் பாத்துக்கலாங்க சார்."

என் அறையில் ஒரு துணிப்பை நிறையக் கல்லுப்பு இருந்தது. தோப்பில் அந்த வருஷம் வடு சீக்கிரமே பிடித்திருந்தது. மேலே கொண்டுபோய் உப்பில் போட்டுக்கொள்ளச் சொல்லி, வடுமாங்காயும் உப்பும் ஒரே பையில் கட்டிக் கொடுத்திருந்தாள் என் மனைவி. மாங்காயைத் தின்று தீர்த்திருந்தேன். உப்பு மிச்சம்.

வாச்சரிடம் சொன்னேன். அவர் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வேணாம் சார்."

"ஏனுங்க? ஆடு ஆடுதானுங்க. நான் பொறந்ததுல இருந்து ஆட்டோட கெடக்கறவன்."

"வீட்டு ஆட்டுக்கு உப்பு வச்சா வீட்டுக்கு வரும். இதுக்கு வீடு பாறை சார். பாறைய விட்டுக் கீழ வரப் பழக்குறீங்க."

"ஒரு நாளைக்குத்தான். கெஸ்ட் போனதும் நிறுத்திக்கலாம்."

"நீங்க நிறுத்திக்குவீங்க. அது நிறுத்துமா?"

அவர் தினக்கூலி, நான் ஃபாரஸ்டர். பதில் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை என்று நினைத்தேன். இப்போது எழுதும்போதும் கூசுகிறது, ஆனால் அதுதான் நிஜம்.

நடைபாதைக்குப் பக்கத்தில், சரிவு முடிந்து கொஞ்சம் சமதளமாக வருகிற இடத்தில், எங்கள் தோப்புக் கல் மாதிரியே ஒரு தட்டைப் பாறை. நாலு நாள் காலையில் நானே தனியாகப் போய் உப்புத் தூவினேன். முதல் நாள் ஒரு கிழட்டுக் கடா மட்டும் வந்தது. இரண்டாம் நாள் அதன் பின்னால் இன்னும் சில. வியாழக்கிழமை பனி விலகியபோது, வயிறு தள்ளிய தாய்கள் உட்பட முழுக் கூட்டமும் பாறையைச் சுற்றி நின்று நக்கிக்கொண்டிருந்தது. கெஸ்ட்டின் மனைவி நாற்காலியில் உட்கார்ந்தபடியே பார்த்துவிட்டுக் குழந்தை மாதிரி கை தட்டினார். ரேஞ்சர் என் தோளைத் தட்டி, "ஆளு கொள்ளாம்" என்றார். ஆள் கெட்டிக்காரன் என்று அர்த்தம். ஒரு சால்வையும் போர்த்தினார்கள். வாச்சர் கொஞ்சம் தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

அவர்கள் ஜீப் போனதும் வாச்சர் வந்தார். "சார், பாறையக் கழுவிரலாம். ஓடையில இருந்து நாலு குடம் தண்ணி ஊத்தினா போதும்." எனக்கு லீவு. தோப்பில் பறிப்பு ஆரம்பிக்கிற நேரம், ஆள் கிடைக்கவில்லை, பத்து நாளைக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். மறையூரில் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். "மழ வந்தா கரஞ்சுருமுங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பிப்ரவரியில் மழை! மழைக்காக வானத்தைப் பார்த்தே வளர்ந்த முதலமடைக்காரன் சொன்ன பேச்சு இது.

போகும் வழியில் இன்னொன்றும் செய்தேன். பையில் பாதிக்கு மேல் உப்பு மிச்சம் இருந்தது. அதைத் திரும்ப ஊருக்குச் சுமப்பானேன் என்று, அந்தப் பாறைக்கு நடுவில் இருந்த வெடிப்பில் கவிழ்த்துக் கொட்டிவிட்டுப் போனேன். வாச்சர் அதைப் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து நான் திரும்பி வந்த காலையில், கேட்டில் பெரிய அதிகாரியின் வண்டி நின்றது. ரேஞ்சர் என்னையும் ஏற்றிக்கொண்டார். மேலே போனோம்.

பாறையைச் சுற்றி மூன்று தாய் ஆடுகள் கிடந்தன. இரண்டு குட்டிகளும். ஒரு குட்டிக்கு இன்னும் தொப்புள்கொடி காயவில்லை. செந்நாய்கள் இரண்டு நாளாக அந்த இடத்தைச் சுற்றியே நின்றிருக்கின்றன. தாய்கள் குட்டிகளையும் கூட்டிக்கொண்டு உப்புக்காக இறங்கி வந்திருக்கின்றன. இறங்கி வந்த இடத்துக்கும் செங்குத்துப் பாறைக்கும் நடுவில் வெறும் புல்சரிவு. தாய் ஓடிவிடும், பிறந்த குட்டி எப்படி ஓடும்? அதை விட்டுவிட்டு ஓட மனசில்லாமல் நின்ற தாய்கள்தான் செத்தவை.

வாச்சர் அங்கே தனியாக இருந்தார். தொண்டை கட்டிப்போயிருந்தது. கத்தியும் கல்லெறிந்தும் நாய்களை விரட்டியிருக்கிறார். பக்கத்தில் ஓடையிலிருந்து தண்ணீர் சுமந்த குடம். பாறை பாதி ஈரமாக இருந்தது. கம்பளியைத் தரையில் விரித்து, வெடிப்பிலிருந்து சுரண்டி எடுத்த உப்பை அதில் குவித்து வைத்திருந்தார். வெளியே கொண்டுபோய்ப் போடுவதற்காக.

அதிகாரி பார்த்தது இதைத்தான்: செத்த ஆடுகள், பாறையில் உப்பு, ஒரு ஆள், அவன் கம்பளியில் உப்பு.

"யாரு வெச்சது?" என்று கேட்டார்.

"நான் வைக்கல. எடுத்தேன்" என்றார் வாச்சர். அப்புறம் என்னை ஒரு தடவை பார்த்தார். ஒரே தடவை. கோபமாகக்கூட இல்லை. ஒரு பெரிய மூட்டையைத் தூக்கும்போது பக்கத்தில் நிற்பவனைப் பார்ப்போமே, ஒரு கை பிடி என்று, அப்படி. ரேஞ்சர் என் முழங்கையை அழுத்தினார். நான் குனிந்து செத்த குட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கண்ணுகளா, யானை துரத்தினால் என்ன செய்வது, தீ சூழ்ந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்றெல்லாம் உங்களுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். நானும் யானை முன்னால் நின்றிருக்கிறேன். அதற்கெல்லாம் தைரியம் இருந்தது. இந்த இடத்தில் தேவைப்பட்டது மூன்றே வார்த்தை. வாய் வரவில்லை.

அன்று மத்தியானம் ரேஞ்சர் என் அறைக்கு வந்தார். "கெஸ்ட் பேரு வெளிய வந்தா நம்ம ரெண்டு பேரும் தீர்ந்தோம். நீ லீவுலதானே இருந்தே? அதை மட்டும் எழுது." அவர்மேல் நான் பழி போடப் போவதில்லை. அவர் என் கையைப் பிடித்து எழுதவைக்கவில்லை. பேனா என்னுடையது.

எழுதினேன். இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை நான் விடுப்பில் இருந்தேன். திரும்பி வந்தபோது, சம்பவ இடத்தில் வாச்சர் இருப்பதைக் கண்டேன். அவர் வசம் உப்பு இருந்தது. உப்பு எப்போது அங்கே வந்தது என்று நேரில் கண்ட சாட்சிகள் யாரும் இல்லை. படித்துப் பாருங்கள். ஒரு வரி பொய் இருக்கிறதா? இல்லை. நான் தனியாகத்தானே வைத்தேன், அதனால் சாட்சி இல்லை என்பதும் உண்மை. உண்மையான வரிகளை மட்டுமே அடுக்கி எவ்வளவு பெரிய பொய்யைக் கட்டலாம் என்று அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். நீங்கள் ரிப்போர்ட் எழுதும்போது ஒவ்வொரு வரியும் சரியா என்று பார்க்காதீர்கள். அதைப் படித்துவிட்டு நிமிர்கிறவர் மனதில் என்ன நிற்கும் என்று பாருங்கள்.

விசாரணை மூன்று நாள் நடந்தது. மூன்று நாளும் வாச்சர் வராந்தாவில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டபோது உள்ளே போனார், அதே பதிலைச் சொன்னார், திரும்பி வந்து உட்கார்ந்தார். வேட்டைக்காக உப்பு வைத்தாரா என்றுகூடக் கேட்டார்கள். ஆதாரம் இல்லாததால் கேஸ் போடவில்லை. நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். லிஸ்டில் முதல் பேர் அடிக்கப்பட்டது.

எனக்கு அடுத்த வருஷம் பிரமோஷன் வந்தது. பாலக்காட்டுப் பக்கமே மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஊருக்குப் பக்கம் என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். அப்புறம் வந்த கார்டு ஒருவர் போனில் சொன்னார்: பாறையை நன்றாகக் கழுவிவிட்டார்கள், ஆனாலும் அடுத்த இரண்டு வருஷமும் குட்டி போடும் காலத்தில் சில தாய்கள் அதே இடத்துக்கு இறங்கி வந்து, வெறும் பாறையை நக்கிவிட்டுப் போயினவாம். அந்தச் செய்தியைக் கேட்ட அன்று நான் சாப்பிடவில்லை. மனைவி காரணம் கேட்டாள். அஜீரணம் என்றேன். அதற்கப்புறம் எங்கே மாற்றிப் போட்டாலும், அவள் கட்டிக் கொடுக்கிற உப்புப் பையை நான் எடுத்துப் போவதில்லை. ஏன் என்று அவளுக்கு இன்றைக்கும் தெரியாது. இதைப் படித்தால் தெரிந்துகொள்வாள்.

போன மாதம் அந்தத் தம்பி பார்க்கின் சரித்திரத்தை எழுதச் சொன்னதும், இதை விட்டுவிட்டு மற்றதை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். வரையாடு, சோலை, துரைமார் என்று இரண்டு பக்கம் ஓடியது. முதுவர்களைப் பற்றி எழுத வேண்டிய இடம் வந்ததும் கை நின்றுவிட்டது. பேனாவை மூடிவிட்டுப் பஸ் ஏறினேன்.

முதலில் ஸ்டேஷனுக்குப் போய் என் பழைய ரிப்போர்ட்டைத் திருத்த வேண்டும் என்றேன். ஃபைல் மூடி எத்தனையோ வருஷம் ஆச்சு சார், இனி அதில் கை வைக்க முடியாது என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். அப்புறம் அவர் குடிக்கு, முதுவர்கள் வாழும் ஊருக்குப் போனேன். ஜீப் போகிற வரைக்கும் ஜீப், அதற்கு மேல் நடை. இப்போது எனக்கும் முட்டுவலி.

வாச்சர் தைலப்புல்லைக் கட்டிக்கொண்டிருந்தார். தலைக்கட்டுக்குக் கீழே முடி முழுக்க வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க சார், இருங்க" என்று பலகையைத் துடைத்துப் போட்டார். நேற்றுத்தான் பார்த்துப் பிரிந்த மாதிரி. நான் உட்காரவில்லை. வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு மறந்துபோய், "அந்த உப்ப வெடிப்புல கொட்டுனது நானுங்க. நீங்க பாக்கல" என்று மட்டும் வந்தது.

"தெரியும் சார்."

"எப்படிங்க தெரியும்?"

"நீங்க போன அன்னிக்கே மேல்பாறையக் கழுவிட்டேன், வெடிப்புக்குள்ள இருந்தது தெரியல. ஆடு செத்தப்புறம் உப்பச் சுரண்டும்போது நாலஞ்சு மாங்காக் காம்பு கெடந்துச்சு. பிஞ்சு மாங்காக் காம்பு. இந்த மலையில மாமரம் ஏது?"

"அத அதிகாரிகிட்டக் காட்டியிருக்கலாமுங்களே! கையில ஆதாரம் இருந்துச்சே!"

"ஜீப் சத்தம் கேட்டதும் ஓடையில போட்டுட்டேன்."

அப்போதுதான் பலகையில் உட்கார்ந்தேன். ஏன் என்று கேட்டேன். அவர் புல்கட்டை இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"நான் காட்டிக் குடுத்தா, நீங்க மாட்டிக்கிட்டதா ஆகும். நீங்களா வந்து சொன்னா, சொன்னதா ஆகும். நீங்க சொல்லுவீங்கன்னு நெனச்சேன் சார். என்னக் கூட்டிட்டுப் போயி அளவு குடுக்க வச்ச ஆளு."

அந்தக் காக்கித் துணி என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"மகளுக்குப் பள்ளிக்கூடப் பை தச்சேன். நல்ல துணி. அஞ்சு வருசம் வந்துச்சு."

அவர் மனைவி கட்டன் சாயா கொண்டுவந்து வைத்தார். நான் யார் என்று அவருக்குத் தெரிந்ததா தெரியவில்லை. குடித்தேன். இதையெல்லாம் எழுதிப் புதுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கப் போகிறேன், உங்கள் பேரைப் போட்டு எழுதட்டுமா என்று வாச்சரைக் கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "ஆடு செத்தத எழுதுங்க. அது போதும்" என்றார். மன்னிச்சிருங்க என்று சொன்னேன். அவர் கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். வழி வரைக்கும் கூடவே வந்தார். பிரிகிற இடத்தில் நின்று, எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்:

"அந்த மூணு நாளு பெஞ்சுல ஒக்காந்திருந்தேன்ல. மொத நாளே அவங்க கேக்க வேண்டியதெல்லாம் கேட்டு முடிச்சிட்டாங்க சார். வீட்டுக்குப் போன்னாங்க. நான்தான் போகல. உங்க ரூமு கதவு எதுத்தாப்புல தெரியும். வெளிய வந்தா எங்கிட்ட ஒரு வார்த்த பேசுவீங்கன்னு இருந்தேன்."

கண்ணுகளா, நான் எழுதிய இந்தக் காகிதங்களில் ஒரு பிரதியைக் கையெழுத்துப் போட்டு ஸ்டேஷனில் கொடுத்திருக்கிறேன். மூடிய ஃபைலுக்குள் வைக்க முடியாது என்றால் அதன் பக்கத்திலாவது வையுங்கள். எப்போதாவது யாராவது எடுத்துப் படித்தால், இரண்டையும் சேர்த்துப் படிக்கட்டும். உப்பை வைத்தது நான். வாச்சர் எடுத்தார். செத்தவை மூன்று தாய், இரண்டு குட்டி.

அந்த பெஞ்சு இன்னமும் வராந்தாவில் அதே இடத்தில்தான் கிடக்கிறது, போன மாதமும் பார்த்தேன். நீங்கள் உள்ளே உட்கார்ந்து எதையாவது எழுதிக்கொண்டிருக்கும்போது அதில் யாராவது காத்திருந்தால், பேனாவை வைத்துவிட்டு வெளியே போய் அவர் முகத்தைப் பாருங்கள். அப்புறம் வந்து எழுதுங்கள். அறைக்குப் பின்னால், சமையல்கட்டு வழியாகவும் ஒரு வாசல் உண்டு. அந்த மூன்று நாளும் நான் அந்த வழியாகத்தான் போய் வந்தேன்.